புஷ்பலதா அக்காவின் நூறு வட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் திரு. ஐயாவு அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அக்காவின் கணவர் ஜெயபாலன் அண்ணே, மகள் சாந்தினி, எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதலாளி அவர்களே, உடன் வேலை செய்யும் தோழர்களே, பீடோரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, புந்தோங் மக்களே! எல்லாருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் கனகராஜ். இருபத்தொரு வருடமாக அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரத்தம் பார்த்தவன். எனக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது, பாருங்கள். 'ஆய்வுக்கூட அன்னை அமரர் திருமதி புஷ்பலதா ஜெயபாலன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அக்கா இதைப் பார்த்திருந்தால், "எனக்கு ஒரு புள்ளதான். நான் யாருக்குலா அன்னை?" என்று கேட்டிருப்பார். ஆனாலும் அந்தப் பட்டம் இருக்கட்டும். அவருக்குத் தகும்.

செயலாளர் எனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல தமிழில், நல்ல தாள். சட்டைப் பையில் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் காலையில் கிளம்பும்வரை நினைத்திருந்தேன். முடியாது. அக்கா போய் இன்று பதினெட்டாம் நாள். பதினெட்டு நாளாக ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு அலைகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் படத்துக்கு நான் மாலை போட்டால் அந்தப் படமே என்னைத் திரும்பிப் பார்க்கும். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவர் 'இரத்தம் எடுக்கிற அம்மா'. ஊசி குத்துவது அவருடைய வேலையில் கால் பங்குகூட இல்லை, அவையோரே! அவருடைய வேலை பார்ப்பது. முப்பத்து நான்கு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோரத்து ஒரே மேசையில், ஒரு நுண்ணோக்கியின் முன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாம் தூங்கியிருப்போம், சண்டை போட்டிருப்போம், தீபாவளிக்கு முறுக்கு சுட்டிருப்போம். நம்முடைய ஒரு சொட்டு இரத்தம் அவருடைய கண்ணுக்குக் கீழே இருந்திருக்கும். அந்தக் கண்ணுக்கு நன்றி சொன்னவர் எத்தனை பேர்? நான் சொன்னேனா? இல்லை.

நுண்ணோக்கி என்றால் பெரிதாக்கிக் காட்டும் பெட்டி என்று நினைத்துக்கொண்டுதான் நானும் வேலைக்கு வந்தேன். முதல் நாளே அதை அக்கா உடைத்துவிட்டார். "பெருசாக்குறது பெரிய விஷயமில்லலா கனகு. மங்கலான போட்டோவப் பெருசாக்குனா மங்கல்தான் பெருசாகும். ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு புள்ளிய ரெண்டுன்னு பிரிச்சுக் காட்டுதா, அதப் பாரு" என்றார். படித்துப் பட்டயம் வாங்கி வந்தவன் நான். இதை எனக்கு இவ்வளவு சுலபமாக யாரும் சொன்னதில்லை.

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் பின்னால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். இரத்தத்தை அப்படியே கண்ணாடித் துண்டில், அதாவது சிலைடில், வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்கு நிறமே இல்லாத மாதிரி வெளிறிக் கிடக்கும். சாயம் ஏற்ற வேண்டும். ஜீம்சா என்று ஒரு சாயம். மலேரியாக் கிருமி இருந்தால் அதன் உட்கருப் புள்ளி சிவப்பாகவும் சுற்றியிருப்பது நீலமாகவும் ஏறும். சாயம் கலக்கிற தண்ணீர் கொஞ்சம் புளிப்பாக இருந்தாலும் நீலம் வராது. அதனால் அந்தத் தண்ணீரை அக்கா தினமும் காலையில் சோதிப்பார். ஒரே கண்ணாடியில் இரண்டு விதமாக இரத்தம் வைப்பார். ஒரு பக்கம் கெட்டியாக ஒரு சொட்டு, கிருமி இருக்கிறதா என்று தேட. மறுபக்கம் மெல்லிசாக இழுத்த பூச்சு, இருந்தால் அது எந்த ஜாதிக் கிருமி என்று கண்டுபிடிக்க. தோசைக் கல்லில் மாவு இழுப்பதுபோல ஒரே இழுப்பு. விளிம்பு இறகு மாதிரி முடியும். என் பூச்சு இன்றைக்கும் அப்படி வராது.

பிறகு லென்ஸ். சின்ன லென்சில் இடம் பிடித்து, அடுத்ததில் நெருங்கி, நாற்பது மடங்கு லென்சில் தெளிவாக்கி, கடைசியில்தான் நூறு மடங்கு. நூறாம் லென்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். கண்ணாடியை விட்டுக் காற்றுக்குள் வரும்போது வெளிச்சம் வளைந்து சிதறிவிடும். எண்ணெய் இருந்தால் சிதறாமல் லென்சுக்குள் போகும். அந்த எண்ணெய் நாற்பதில் பட்டுவிடக் கூடாது. ஒரு தடவை நான் அவசரத்தில் லென்சைத் திருப்பி நாற்பதைக் குளிப்பாட்டிவிட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. லென்ஸ் துடைக்கிற தாளை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் எண்ணெயில் பொரித்த வாழை, ஒரு பொட்டலம் பீசாங் கோரெங் வாங்கி வந்து, "சாப்புடு. வாழக்கா எண்ணெய லென்ஸ்ல தடவிறாத" என்றார். அதுதான் அவர் மன்னிப்பு.

தர்மா அண்ணன் வந்திருக்கிறாரா? அதோ, தூண் பக்கத்தில். இவர் கதையைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். பீடோர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்து வரிசை வீடுகளில் பத்துப் பதினைந்து குடும்பம் மிச்சம். அங்கே ஒரு மருத்துவ முகாம் போட்டோம். முகாம் தொடங்கி அரை மணி நேரத்தில் கரண்டு போய்விட்டது. டாக்டர் முதல் எல்லாரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் வேனுக்குப் போய், அடியில் வெளிச்சம் பிடிக்கிற கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கி ஒன்றைத் தூக்கிவந்தார். இந்த மாதிரி ஆகும் என்று தெரிந்தே எடுத்து வந்திருக்கிறார். மேசையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, கண்ணாடியை வானத்தின் பக்கம் திருப்பினார். நேரே சூரியனுக்குத் திருப்பினால் பார்க்கிறவன் கண் போய்விடும். வெளுத்த மேகம் இருக்கிற பக்கமாகத் திருப்பி, அந்த வெளிச்சத்தில் நாற்பது பேருடைய மலம் பார்த்து முடித்தார்.

அப்போது தர்மா அண்ணன் தான் சுத்தமான ஆள் என்றும், தனக்கு வயிற்றில் ஒன்றும் கிடையாது என்றும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். கொக்கிப் புழுவின் முட்டை. வரிசையாக. "இது யாருடையது?" என்று கேட்டார் இவர். "உங்களுதுதான்ணே. செருப்பில்லாமத் தோட்டத்துல நடந்தா காலு வழியா ஏறிரும்" என்றார் அக்கா. இன்று தர்மா அண்ணன் ஷூ போட்டு வந்திருக்கிறார். சிரிக்கலாம், பரவாயில்லை. அக்காவும் சிரிக்கிற ஆள்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்க மாட்டார். அது நூறு.

நூறாம் லென்சில் பார்க்கும்போது வட்டமாகக் கொஞ்சம் இடம்தான் தெரியும். கண்ணாடியை ஒரு மயிரளவு நகர்த்தினால் அடுத்த வட்டம். இப்படி நூறு வட்டம் பார்த்த பிறகுதான் 'காணப்படவில்லை' என்று எழுதலாம். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு நடந்தது இது. காய்ச்சலோடு ஒரு தோட்டத் தொழிலாளி வந்தார். ஒருவர் ஐம்பது வட்டம் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிவிட்டார். அக்கா அதை எடுத்து மறுபடி பார்த்தார். தொண்ணூற்று மூன்றாவது வட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த ஆள் பிழைத்தார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். நூறு வட்டம். ஒருவர் அல்ல, இரண்டு பேர். முதல் ஆள் என்ன எழுதினார் என்று இரண்டாம் ஆள் பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் பதிவேட்டில் பெயரெழுத்துப் போட வேண்டும். தன்னுடைய இரத்தத்தையோ தன் வீட்டார் இரத்தத்தையோ தானே பார்க்கக் கூடாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பயந்த கண்ணுக்கு எல்லாமே கிருமியாத் தெரியும். ஆசப்பட்ட கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார்.

எண்ணுவதற்கு ஒரு கருவி வைத்திருந்தார். கூட்டம் நுழைகிற வாசலில் ஆள் கணக்குக்கு டிக் டிக்கென்று அழுத்துவார்களே, அந்த மாதிரி உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று. ஒரு வட்டத்துக்கு ஒரு டிக். வேலை முடிந்ததும் அதைப் பூஜ்யமாக்க மாட்டார். எந்த எண்ணில் நின்றதோ அப்படியே மேசையில் வைப்பார். அடுத்த சிலைடு தொடங்கும்போதுதான் பூஜ்யமாக்குவார். எத்தனை பார்த்தேன் என்று அது சாட்சி சொல்லட்டும் என்பார். நான் அந்தக் கருவியைத் தொட்டதில்லை. மனத்துக்குள் எண்ணிக்கொள்வேன். எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அக்கா எதனால் இறந்தார் என்று உங்களுக்குத் தெரியும். குரங்கு மலேரியா. பீடோரில் ஜெயபாலன் அண்ணனுடைய டுரியான் தோப்பு காட்டோரம் இருக்கிறது. பழம் விழுகிற பருவத்தில் இரண்டு நாள் போய்த் தங்கியிருந்தார்கள். குரங்கைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் வரும். கிருமி ஒரே நாளில் பெருகிவிடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையில் போய்விடும். இதெல்லாம் அக்காவுக்கு நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அதனால்தான் ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. என் காதிலும் விழுந்தது. சாவு வீட்டு வாசலிலேயே விழுந்தது. "ஊரு இரத்தம் பூராப் பாத்தாங்க, சொந்த இரத்தத்தப் பாக்கத் தெரியலியே பாவம்" என்று ஒருவர் சொன்னார். சுகாதார அதிகாரிகள் வந்து எங்கள் பதிவேட்டைப் புரட்டினார்கள். அக்காவின் சிலைடுக்கு எதிரே முதல் ஆள் கட்டத்தில் அக்காவின் பெயரெழுத்து இருந்தது. தானே தன் இரத்தத்தைப் பார்த்திருக்கிறார், விதியை மீறியிருக்கிறார், கிருமியைத் தவறவிட்டிருக்கிறார் என்று மரியாதையாகக் குறித்துக்கொண்டு போனார்கள். முப்பத்து நான்கு வருட வேலைக்கு ஒரு வரியில் முடிவு எழுதியாகிவிட்டது.

சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று சாந்தினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது. "அங்கிள், அம்மா எப்படி மிஸ் பண்ணாங்க?" காய்ச்சலில் கண் மங்கியிருக்கும் என்று சொன்னேன். அது பொய். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அம்மாவின் சாம்பலைக் கரைத்த கை ஈரம் காயாத நேரத்தில், வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். அன்று செவ்வாய்க்கிழமை. அக்காவுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். வீட்டில் இரு என்றால் கேட்கிற ஆளா? வந்தார். மதியம் தானே விரலில் குத்தி, பூச்சு இழுத்து, சாயம் ஏற்றிக் காயவைத்தார். நான் உள்ளே டிங்கிக் கொசுக்காய்ச்சலுக்கான இரத்த மாதிரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் அறுபதுக்கு மேல். அமீரா, எங்கள் மூன்றாவது ஆள், பாரிட் புந்தாரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தது. மூன்று மணி வாக்கில் ஜெயபாலன் அண்ணன் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அக்கா என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "கனகு, என் சிலைடு மேசையில இருக்கு, பாத்துரு. நாளைக்கி அமீரா வந்து ரெண்டாவது பாக்கட்டும்" என்றார். அக்கா என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. நான் தலைகூடத் தூக்கவில்லை. சரிக்கா என்றேன்.

ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். சிலைடு நுண்ணோக்கியில் ஏற்கெனவே மாட்டியிருந்தது. அதன்மேல் எண்ணெய் இருந்தது. எங்கள் வேலையில் சிலைடில் எண்ணெய் இருந்தால் யாரோ பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சட்டமெல்லாம் நமக்குத்தான், சொந்த இரத்தம் என்றால் அக்காவுக்கும் ஆவல் அடங்கவில்லை, பார்த்துவிட்டார், பார்த்து ஒன்றும் இல்லாததால்தான் வீட்டுக்குப் போனார் என்று நினைத்தேன். அக்கா பார்த்த சிலைடை மறுபடி நூறு பார்க்க வேண்டுமா? இருபது பார்த்தேன். ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடுதான் குனிந்தேன், அந்த ஆசையோடுதான் நிமிர்ந்தேன்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அமீரா வந்து நூறு பார்த்திருக்கும். ஆனால் இரண்டு பெயரெழுத்து இல்லாமல் அறிக்கை வெளியே போகாது. அன்றே அனுப்பினால் அக்காவுக்கு நிம்மதி என்று நினைத்தேன். பதிவேட்டை எடுத்தேன். இரண்டாம் ஆள் கட்டத்தில் என் எழுத்தைப் போட்டேன். முதல் ஆள் கட்டத்தில்...

அண்ணே, உட்காருங்க. ஜெயபாலன் அண்ணே, தயவுசெய்து உட்காருங்க. முடித்துவிடுகிறேன். செயலாளர் ஐயா, எனக்குக் கை காட்ட வேண்டாம். இதை இப்போது நிறுத்தினால் நான் இன்னொரு தடவை தொடங்க மாட்டேன்.

முதல் ஆள் கட்டத்தில் அக்காவின் பெயரெழுத்தைப் போட்டது நான். என் கை. என் பேனா. கூட்டமான நாள்களில் ஒருவர் எழுத்தை இன்னொருவர் போட்டுவிட்டு மறுநாள் சொல்லிக்கொள்வது எங்களுக்குள் இருந்த கெட்ட பழக்கம். அக்காவுக்குத் தெரியாமல் இருந்த பழக்கம். 'காணப்படவில்லை' என்று அறிக்கையை அனுப்பினேன். அக்காவின் கைப்பேசிக்கும் ஒரு செய்தி போட்டேன். 'நூறும் பார்த்தாச்சுக்கா, சுத்தம்' என்று.

அந்த அறிக்கையை நம்பித்தான் அக்காவைப் பார்த்த மருத்துவர் டிங்கி என்று எடுத்துக்கொண்டார். இரத்தத் தட்டணுவும் குறைந்திருந்தது. டிங்கியிலும் குறையும், இதிலும் குறையும். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. வியாழக்கிழமை இன்னும் ஏறியது. வெள்ளிக்கிழமை பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே மறுபடி இரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குள் கிருமி நிறைந்துபோயிருந்தது. சிறுநீரகம் நின்றது, நுரையீரலில் நீர் கோத்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா இல்லை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மூன்று நாள். அந்த மூன்று நாள்தான் என் கையெழுத்தின் விலை.

சாவுக்கு மறுநாள் ஜெயபாலன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார், பாவம். வியாழக்கிழமை அவர் அக்காவிடம், இன்னொரு தடவை இரத்தம் பார்த்துவிடுவோமே என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்னாராம்: "வேணாங்க. கனகு நூறும் பாத்துட்டான். அவன் பாத்தா இருக்காது."

அவையோரே, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்? முப்பத்து நான்கு வருடம் யாரையும் நம்பாதே, நீயே எண்ணு என்று சொன்னவர், தன் உயிர் விஷயத்தில் மட்டும் என்னை நம்பினார். என்னை!

எல்லாம் முடிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போன முதல் நாள், காலை ஏழு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால் போனேன். பெட்டியிலிருந்து அந்தச் சிலைடை எடுத்தேன். சொட்டு எண்ணெய் விட்டேன். அன்று தொடங்கிய அதே மூலையிலிருந்து தொடங்கினேன். தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே எண்ணினேன். இருபது வரை ஒன்றுமில்லை. அன்று நான் பார்த்தது பொய்யில்லை, உண்மையாகவே அங்கே ஒன்றுமில்லை. இருபத்தைந்து, முப்பது. முப்பத்தேழாவது வட்டத்தில் இருந்தது. சின்ன நீல வளையம், அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. எவ்வளவு அழகாகச் சாயம் ஏறியிருந்தது தெரியுமா! காய்ச்சலோடு அக்கா ஏற்றிய சாயம். ஒரு குறை சொல்ல முடியாது. நூறு முடித்தபோது மொத்தம் ஐந்து இருந்தன. இருபதிலிருந்து முப்பத்தேழுக்கு எவ்வளவு தூரம்? பதினேழு வட்டம். நிதானமாகப் பார்த்தாலும் இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை அன்று நான் எதற்குச் செலவு செய்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அறிக்கை போன பிறகு கோப்பி கலக்கிக் குடித்தேன்.

அப்புறம்தான் அக்காவின் மேசையில் அந்த எண்ணும் கருவியைப் பார்த்தேன். அமீராவும் தொடவில்லை, வேறு யாரும் தொடவில்லை. அதில் நான்கு என்று இருந்தது.

நான்கு! அக்கா எண்ணெய் விட்டிருக்கிறார். பூஜ்யமாக்கியிருக்கிறார். நான்கு வட்டம் பார்த்திருக்கிறார். நிறுத்திவிட்டார். தான் போட்ட சட்டம் நினைவுக்கு வந்து நிறுத்தினாரா? தலை சுற்றி நிறுத்தினாரா? கேட்பதற்கு இனி ஆள் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். அவர் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சாந்தினி, இங்கே பாரும்மா. நீ என்னைப் பார்க்க வேண்டாம், உன் அம்மா படத்தைப் பார். உன் அம்மா தவறவிடவில்லை. உன் அம்மாவுக்குக் கண் மங்கவில்லை. தவறவிட்டவன் நான். அந்தப் பதிவேட்டில் இருக்கிற எழுத்து உன் அம்மாவுடையது இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் பார்க்காததைப் பார்த்தேன் என்று உன் அம்மா ஒரு நாளும் எழுதியதில்லை. அதை நான் எழுதினேன், அவர் பெயரில் எழுதினேன். ஊர் பேசினால் இனிமேல் என் பெயரைச் சொல்லிப் பேசட்டும். கனகராஜ், புந்தோங். எழுதிக்கொள்ளுங்கள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பேன்? பீசாங் கோரெங் வாங்கித் தந்து மன்னிக்கிற ஆள் அந்தப் படத்துக்குள் போய்விட்டார்.

முதலாளி அவர்களே, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் இன்று காலை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். அதிகாரிகளுக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன். நாளை முதல் நான் அந்த நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்பதை நீங்களும் அவர்களும் முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி. அதனால் அக்கா எழுந்து வரப்போவதில்லை. பதிவேட்டில் ஒரு கட்டம் மட்டும் திருந்தும். என்னால் திருத்த முடிந்தது அந்த ஒரு கட்டம்தான்.

வழக்கமாக இந்த இடத்தில், அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்க வேண்டும். செயலாளர் தாளிலும் அதுதான் கடைசி வரி. எனக்கு அந்த உரிமை உண்டா? இருபதில் நின்றவன் எதைத் தொடர்வது? ஆனாலும் இந்தக் கூட்டம் உறுதி இல்லாமல் கலையக் கூடாது. அமீரா, கொஞ்சம் மேடைக்கு வாம்மா. அழாதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு வா, உனக்குக் கண்தான் முதல்.

இதுதான் அக்காவின் கருவி. இன்னும் நான்கில்தான் நிற்கிறது, பாருங்கள். முன் வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தினமும் கட்டை விரலை இதன்மேல் வைத்துப் பார்க்கிறேன், என்னால் பூஜ்யமாக்க முடியவில்லை. பூஜ்யமாக்கினால் அக்கா கடைசியாகப் பார்த்த நான்கும் போய்விடும். ஆனால் பூஜ்யமாக்காமல் அடுத்த ஆளின் சிலைடைத் தொடங்க முடியாது. அதுவும் அக்கா சொன்னதுதான்.

அமீரா, பிடி. நீ பூஜ்யமாக்கு. இங்கே வேண்டாம், நாளைக் காலை அக்காவின் மேசையில் உட்கார்ந்து ஆக்கு. முதல் சிலைடு யாருடையது என்று பார்க்காதே. எண்ணெய் இருந்தாலும் துடைத்துவிட்டுப் புதிதாக விடு. ஒன்று என்று அழுத்தித் தொடங்கு. நூறு வரைக்கும் போம்மா. நடுவில் நானே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே.